ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு சுருட்டும்

என் வாய் சும்மா இருக்காது என்பது தோட்டம் முழுவதும் தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவளைத்தான் கொண்டுபோய் ஏரிக்கரையில் போட்டார்கள். மலைவெள்ளம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குள் புகாமலிருக்க, தோட்டத்துக்கு மேலே மண்ணால் ஒரு பெரிய கரை போட்டிருந்தார்கள். கரைக்குப் பின்னால் ஏரி, நடுவில் மதகு, மதகுக்குப் பக்கத்தில் எங்கள் குடிசை. மதகைத் திறந்தால் தண்ணீர் கால்வாய் வழியாகப் போய், மலாய்க்காரர்களின் சிற்றூரான கம்பத்தின் ஓரமாக ஆற்றில் விழும். லயத்துக்கு நடந்தால் அரை மணி நேரம் ஆகும்.

என் புருஷன்தான் மதகுக்காரர். நேரங்கெட்ட நேரத்தில் எழுந்துபோய்ச் சக்கரத்தைத் திருகுவார். ஒரு நாள் விடியலில், இன்னொரு நாள் உச்சி வெயிலில். “உங்களுக்கு ஒரு ஒழுங்கே கிடையாதா?” என்று கத்துவேன். “எல்லாம் ஒரு கணக்குதான், நீ சோத்தப் போடு” என்பார். அது என்ன கணக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டார்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்து, “புது ஆள் வர்ற வரைக்கும் நீயே பாத்துக்கம்மா. தண்ணி மதகுல இருக்கிற செவப்புக் கோட்டத் தொட்டா தெறந்துடு. அவ்வளவுதான்” என்றார். புது ஆள் வரவே இல்லை.

பயமெல்லாம் எனக்கு இல்லை. பேச ஆள் இல்லாமல்தான் செத்துவிடுவேன் போலிருந்தது. அடுப்போடு பேசினேன். கரையேறி வந்த உடும்பைத் திட்டினேன். அது நின்று கேட்டால்கூடப் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் கம்பத்திலிருந்து ஒருத்தி வரத் தொடங்கினாள். என் வயதுதான் இருக்கும். பாய் முடைய ஏரியோரத்துத் தாழை மடல்களை அறுத்துத் தோளில் போட்டிருந்தாள். என்னைப் பார்த்து, தண்ணீரைக் காட்டி, “ஆயர் சுருட்” என்றாள்.

எனக்குத் தெரிந்த மலாய் மூன்றே சொல். அதில் ஒன்று ஆயர். தண்ணீர் கேட்கிறாள், கூடவே சுருட்டும் கேட்கிறாள் என்று புரிந்துகொண்டேன். லயத்தில் சுருட்டுக் குடிக்கிற பெண்கள் உண்டு, அதனால் ஆச்சரியப்படவில்லை. ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தேன். என் புருஷன் தகரப் பெட்டி நிறைய வைத்துவிட்டுப் போன சுருட்டில் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் சுருட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணீரைக் குடித்தாள், சுருட்டைக் கைலி முனையில் முடிந்தாள். பிறகு என் கையைப் பிடித்து மதகுக்கு இழுத்துப் போய்ச் சக்கரத்தில் கை வைத்தாள். இரண்டு பேர் திருகினால் அது எவ்வளவு லேசு என்று அன்றுதான் தெரிந்தது. சுருட்டுக்கு நன்றிக்கடன் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அதன்பிறகு நாள் தவறாமல் வந்தாள். அதே ஆயர் சுருட், அதே சிரிப்பு, சேர்ந்து சக்கரம் திருகல். பொழுதுதான் மாறிக்கொண்டே இருந்தது. இன்று காலை வந்தால், நாளை இன்னும் கொஞ்சம் தாமதம், ஒரு வாரத்தில் மத்தியானம். நேரம் காலம் இல்லாமல் இப்படியா ஒருத்தி சுருட்டுக்கு அலைவாள் என்று அவள் முகத்துக்கு நேராகவே கேலி செய்வேன். அவளுக்குப் புரியாது. அவளும் அவள் பாஷையில் ஏதோ சொல்வாள். நான் தமிழில் என் மாமியார் கதையெல்லாம் கொட்டுவேன். அவள் மடலைக் கீறிக்கொண்டே தலையாட்டுவாள். எனக்குக் குடிசையில் விரிக்க ஒரு பாய் முடைந்து கொண்டுவந்தாள். கரையின் கோடியில் அவள் தலை தெரிகிறவரை எனக்குச் சோறு இறங்காது.

மழைக்காலம் வந்தது. ஒரு வாரம் விடாமல் ஊற்றியது. ஒரு நாள் பிற்பகல், தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. மதகருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கரைமேல் ஓடிவந்தாள். மடல் இல்லை, சிரிப்பும் இல்லை. இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு, “ஆயர் பசாங், ஆயர் பசாங்” என்று கத்தினாள்.

தண்ணி, பசங்க. என் காதில் அப்படித்தான் விழுந்தது. லயத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஆயாக்கொட்டகை கரைக்குக் கீழேதான் இருந்தது. கரை எங்கேயோ கசிந்து தண்ணீர் அங்கே போகிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடிவருகிறாள் என்று முடிவு கட்டினேன். கோடாவது ஒன்றாவது என்று சக்கரத்தைப் பிடித்துத் திருகினேன்.

அவள் என் கைகளைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள். பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். “விடுடி, பிள்ளைங்க செத்துப்போகும்” என்று அலறி ஒரே தள்ளாகத் தள்ளினேன். சேற்றில் விழுந்தாள். மதகு முழுவதும் திறந்துகொண்டது. அவள் எழுந்து, கால்வாயில் பாய்கிற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கம்பத்தை நோக்கி ஓடினாள்.

நான் லயத்துக்கு ஓடினேன். ஆயாக்கொட்டகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிராணி மறுநாள் வந்து கரையைச் சுற்றிப் பார்த்தார். “நல்ல வேலை செஞ்சம்மா, கரையக் காப்பாத்திட்ட” என்று சொல்லி, வேலையை எனக்கே நிரந்தரமாக்கினார். கம்பத்தில் வெள்ளம் புகுந்ததையும் அவர்தான் சொன்னார். உயிருக்குச் சேதமில்லையாம். அவள் வரவில்லை. தள்ளிவிட்ட கோபம், ஆறிவிடும் என்று காத்திருந்தேன்.

தங்காக் டவுன் பக்கமிருந்து சைக்கிளில் துணி கொண்டுவருகிற பாய் ஒருவர் உண்டு. தகரப் பெட்டி காலியாகியிருந்ததால் அவரிடம் சுருட்டு கேட்டேன்.

“உனக்கு ஏதுக்கு தங்கச்சி சுருட்டு?” என்றார். விவரத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“அவ சுருட்டா கேட்டா? சுருட்னா மலாய்ல தண்ணி வடியுதுன்னு அர்த்தம். கடல் வத்தறப்ப ஆறும் எறங்கும்ல, அப்பத்தான் மதகத் தெறக்கணும்னு சொல்லிருக்கா.”

“அப்ப பசாங்?”

“அது கடல் ஏர்றது. அப்பத் தெறந்தா ஆறு தண்ணிய வாங்காது, கம்பத்துக்குள்ளதான் போவும்.” சொல்லும்போதே அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

என் புருஷனின் கணக்கு அன்றுதான் எனக்குப் புரிந்தது. கோட்டுக்கு நாலு விரல் பாக்கி இருந்ததே. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் ஆறு இறங்கியிருக்குமே. பாவி, நான் பொறுக்கவில்லை.

அவரிடம் வாங்கிய சுருட்டை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். பாய் முடைகிறவள் என்று கையால் காட்டிக் கேட்டதும், அங்கிருந்தவர்கள் அவள் வீடு இருந்த இடத்தைக் காட்டினார்கள். நாலு மரக்கால்கள் மட்டும் சேற்றில் நின்றன. பலகைகளைக் கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கம் போய்விட்டார்கள் என்று ஜாடையில் சொன்னார்கள். எங்கே என்று கேட்க எனக்குப் பாஷை இல்லை.

திரும்பிவந்து மதகுக் கட்டையின்மேல் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு சுருட்டும் வைத்தேன். நாள்தோறும் வைத்தேன். ஆறு இறங்குவதை நானே போய்ப் பார்த்துவந்து, “ஆயர் சுருட்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் தொடுவேன். ஒற்றை ஆளுக்கு அது ரொம்பக் கனம்.

ஒரு நாள் அந்தப் பக்கம் வந்த கங்காணி சுருட்டையும் தண்ணீரையும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

“முனியாண்டிக்குப் படையலா ஆத்தா? கேட்டது கெடைக்கும்” என்று கும்பிட்டார்.

நான் குவளையை அவள் வரும் பக்கமாக நகர்த்தி வைத்தேன். அவர் போன பிறகு கரையின் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.