காலியாக இருக்க வேண்டிய குழாய்

“ஏரித் தண்ணியில ஏதோ பூஞ்சை கலந்துடுச்சாம்க்கா. மூணு பேர் கண்ணுல ஒரே பூஞ்சையாம், டி.என்.ஏ. டெஸ்டுலயே தெரிஞ்சிடுச்சாம்” என்றாள் திங்கட்கிழமை காலை மாவு வாங்க வந்த ஷபீனா. அவளுக்கு நாத்தனார் சொன்னது. நாத்தனாருக்கு யார் சொன்னார்களோ. “அதுல ஒருத்தரு பொழிச்சலூர்ல தென்னமரம் ஏர்றவராம். மருந்து உட்டும் கேக்கலையாம். வியாழக்கெழம கண்ணையே எடுக்கப் போறாங்களாம், பாவம்.”

சத்யபிரியாவின் கை கரண்டியோடு நின்றது. அந்த மூன்று ரிப்போர்ட்டும் அவள் போட்டவை.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் காலை ஐந்து மணிக்கு இட்லி மாவை அள்ளிப் பாக்கெட் போடுவாள். ஒன்பதரைக்குத் தாம்பரத்துப் பரிசோதனைக்கூடத்தில் கையுறை மாட்டியிருப்பாள். கண்புண்ணிலிருந்து சுரண்டி அனுப்பியதில் டி.என்.ஏ.வைப் பிரித்து, என்ன பூஞ்சை என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பெயரை வைத்துத்தான் டாக்டர் சொட்டு மருந்து எழுதுவார். பன்னிரண்டு வருடத்தில் அவள் போட்ட ரிப்போர்ட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவளுக்கென்று இருந்த கர்வம் அது ஒன்றுதான்.

நோயாளிகளின் குழாய்களோடு வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்றையும் வைப்பார்கள். அதில் ஒன்றும் தெரியக் கூடாது; தெரிந்தால் வெளியிலிருந்து ஏதோ கலந்துவிட்டது, மற்ற முடிவுகளையும் நம்ப முடியாது. போன வாரம் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. தெரியத்தான் தெரிந்தது. கண் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கைக்கடிகாரப் பட்டையின் ஓட்டைகளில் காய்ந்த மாவு.

கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மரமேறி சின்னப்பனின் மிச்ச மாதிரியை எடுத்து மறுபடி செய்தாள். பழைய தண்ணீர்க் குழாயையும், பட்டையில் சுரண்டிய மாவையும் சேர்த்து, டி.என்.ஏ. வரிசையைப் படித்துச் சொல்லும் வெளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அன்றே கண் டாக்டர் கீதாவிடம் சொல்லியிருக்கலாம். உறுதியாகத் தெரியட்டும் என்று மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

வியாழன் மதியம் இரண்டு மணிக்கு முடிவு வந்தது. தண்ணீர்க் குழாயிலும் மாவிலும், போன வாரம் மூவருக்கும் எழுதிய அதே ஈஸ்ட். சின்னப்பன் கண்ணில் இருந்ததோ செடிகொடியில் வாழும் வேறு பூஞ்சை. அதற்கு மருந்தே வேறு.

“உன் மாவு நல்லா புளிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னேனேம்மா, இப்ப டி.என்.ஏ. ஆதாரமே வந்துடுச்சு” என்றார் மேலாளர் பத்ரி. சிரித்து முடிக்கவில்லை, முகம் மாறியது. “வெளிய மூச்சு விடாத. திங்கக்கெழம திருத்தின ரிப்போர்ட்ட நானே பதமா எழுதி அனுப்பறேன்.”

“மூணு மணிக்கு ஆபரேஷன் சார்.”

“வேலை போயிடும், தெரியுதா?”

“தெரியுது சார். கண்ணும் போயிடும்.”

கைப்பையைக்கூட எடுக்காமல் படியிறங்கினாள். மருத்துவமனை எண் எங்கேஜ்டாகவே இருந்தது. ஆட்டோவில் ஏறி டாக்டர் கீதாவின் செல்லுக்கு அடித்தாள். முழுசாக அடித்து ஓய்ந்தது.

“சீக்கிரம் போங்கண்ணா.”

“பறந்தா போவேன்? சிக்னல் கீதும்மா!”

மணி இரண்டு ஐம்பது. மறுபடி அடித்தாள். ‘மேடம், தப்பு என்னுது, அவர் கண்ணத் தொடாதீங்க’ என்று உதடு ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தது. காதுக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.