ஃபைல் வராவிட்டாலும் பரவாயில்லை

லெபு பந்தாய்த் தெருவில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் மாடி ஆபிஸில் கணினிகளை எல்லாம் மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது சந்தோஷப்படாத ஒரே ஆள் ஜெகதீஸ்வரிதான். மற்றவர்களுக்கு அன்றைக்கே தீபாவளி. பழைய பெட்டிகள் காலையில் கண் விழிப்பதற்குள் ஒரு தே தாரிக்கை நிதானமாகக் குடித்து முடித்துவிடலாம். போதாக்குறைக்கு, அவற்றில் ஓடும் விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். "புது மெஷின் வருதுலா!" என்று பக்கத்து மேசை சுபாஷினி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜெகதீஸ்வரி தன் பழைய பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு, பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் கணவன் கோகுலன், கோலாலம்பூரில் படிக்கும் ஒரு மகள். கப்பலேறும் சரக்குக்கான பத்திரங்களைத் தயாரிப்பது அவள் வேலை. எந்தக் கொள்கலன், யார் அனுப்புகிறார்கள், எந்தத் துறைமுகத்தில் யார் எடுக்கிறார்கள் என்பதில் ஓர் எழுத்துப் பிசகினால், சரக்கு கேட்பாரில்லாமல் வேற்றூரில் கிடக்கும். அந்த வேலையை அவளைப் போல வேகமாகச் செய்ய அந்த மாடியில் வேறு ஆள் இல்லை. அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதும் அந்த மாடியில் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் மாலை நேரத்தில் மங்கியது. பிறகு பக்கவாட்டில் இருப்பவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவள் ஸ்கூட்டரை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு மாறினாள். டாக்டர் அந்த நோய்க்கு நீளமான ஒரு பெயர் சொன்னார்; கண்ணாடியால் ஆகாது, மருந்தும் கிடையாது, மெல்ல மெல்லத்தான் போகும் என்றார். அந்த 'மெல்ல'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். கணவனிடம் மட்டும் சொன்னாள்.

ஆபிஸிலும் சொல்லியிருப்பாள். ஆனால் அதே வாரத்தில், தற்காலிகமாக வந்திருந்த ஒருவன் கொள்கலன் எண்ணை மாற்றி அடித்து, சரக்கு வேறு கப்பலில் ஏறிவிட்டது. முதலாளி முகம்மது சுல்தானுக்கு மனசு தங்கம், வாய்தான் கொஞ்சம் நீளம். "கண்ணு தெரியாதவங்கள வெச்சுக்கிட்டு இந்தத் தொழில் பண்ண முடியாதுலா!" என்று ஆபிஸே அதிரக் கத்தினார். திட்டு வாங்கியவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். தைத்தது ஜெகதீஸ்வரிக்கு. சொன்னவர் மதியச் சாப்பாட்டுக்குள் அதை மறந்திருப்பார். அவள் மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் தன் கணினியைத் தனக்கென்று செதுக்க ஆரம்பித்தாள். கருப்புத் திரையில் மஞ்சள் எழுத்து. கட்டைவிரல் தண்டிக்கு ஓர் அம்புக்குறி. மூன்றெழுத்தைத் தட்டினால் ஒரு முழு முகவரியே வந்து விழும்படி சுருக்கங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு குரல். அந்தக் குரலின் வேகத்தை அவள் வருஷக்கணக்கில் கூட்டிக்கொண்டே வந்திருந்தாள். இப்போது அது பேசுவது வேறு யார் காதிலும் பேச்சாகவே விழாது. ஒற்றைக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவள் அதைக் கேட்டாள். அக்கா பழைய பாட்டுக் கேட்கிறார் என்று ஆபிஸ் நினைத்தது. சந்தேகம் வரக் கூடாது என்று அவளும் நடுநடுவே எதையாவது முணுமுணுத்து வைப்பாள். கருப்புத் திரை எதற்கு என்று கேட்டவர்களிடம், ஜன்னல் வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொன்னாள். அவள் சொன்னதில் அது ஒன்றுதான் பாதி உண்மை.

கணினி மாற்ற வந்த இர்வான் இளைஞன், பொறுமைசாலி. மேசை மேசையாகப் போய் விளக்கினான். பழையதில் இருப்பதைப் புதியதுக்கு மாற்ற, கம்பெனி ஒத்துக்கொண்டிருந்தது ஓர் இலவச மென்பொருளுக்கு. ஆவணங்கள், படங்கள், மின்னஞ்சல் எல்லாம் புது மெஷினுக்கு வந்துவிடும்.

"ஒங்க ஃபைல் ஒண்ணுகூட காணாமப் போவாதுக்கா. நான் கேரண்டி" என்றான்.

ஜெகதீஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தம்பி, ஃபைல் வராட்டியும் பரவால்ல. மத்தது வருமா?"

"எது மத்தது?"

"செட்டிங். நான் போட்டு வெச்சிருக்க ப்ரோக்ராம். கலரு, சுருக்கெழுத்து, எல்லாம்."

இர்வான் சிரித்துவிட்டான். "எல்லாரும் ஃபைலுக்குத்தான் உசிர விடுவாங்க. செட்டிங்குதானேக்கா, புதுசுல உக்காந்து ரெண்டு நிமிஷத்துல போட்டுக்கலாம்."

இரண்டு நிமிஷமாம். எதை எங்கே மாற்றினாள் என்பது அவளுக்கே இப்போது ஞாபகம் இல்லை. மாற்றியபோது இருந்த பார்வையும் இப்போது இல்லை. புது மெஷினின் வெள்ளைத் திரையில் பொடி எழுத்துகளைத் தேடி அவள் தடவிக்கொண்டிருப்பதை அந்த மாடியே வேடிக்கை பார்க்கும். அத்தோடு கதை முடிந்தது.

"வேற ப்ரோக்ராம் இல்லையா?"

இருந்தது. இர்வான் இன்னும் இரண்டைச் சோதித்துப் பார்த்திருந்தான். ஒன்று, ஃபைலோடு பயனர் கணக்கையும் கொண்டுபோகும். ஆனால் தனியாக ஏற்றிய புரோகிராம்களை அம்போவென்று விட்டுவிடும். மற்றது காசு கொடுத்து வாங்குவது. பழைய மெஷினையும் புதியதையும் கேபிளால் இணைத்துவிட்டால், இருப்பது இருந்தபடியே வந்து உட்காரும். "ஆனா லைசென்ஸுக்கு பாஸ் ஓகே சொல்லணும். அவர்கிட்ட காரணம் சொல்றதுதான் சுசா, ரொம்பக் கஷ்டம்" என்றான்.

அன்று மாலை முழுக்க அவள் கணவனிடம் ஒத்திகை பார்த்தாள். கோகுலன் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "உண்மையச் சொல்லிட்டா என்னா?" என்றான். அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் முதலாளி முன்னால் நின்று, முகவரிச் சுருக்கங்களைப் பற்றி மட்டும் சொன்னாள். "அதெல்லாம் போச்சுன்னா, ஒவ்வொண்ணா முழுசா அடிக்கணும் பாஸ். வேல நிக்கும்."

முகம்மது சுல்தான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஜெகா மெஷின் ஒரு நாள் நின்னா, கப்பல்காரன் என்னக் கடிச்சுத் தின்னுருவான். வாங்கிப் போடச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆபிஸ் மூடியிருந்தபோது இர்வான் வேலையைச் செய்தான். திங்கட்கிழமை காலை ஜெகதீஸ்வரி வரும்போது மேசையில் சின்னதாக ஒரு புதுப் பெட்டியும் பெரிய திரையும் இருந்தன. பழைய பெட்டி மேசைக்கடியில். யாருக்காவது ஏதாவது தகராறு வருமோ என்று இர்வானும் வந்திருந்தான். அவள் கடவுச்சொல்லைத் தட்டினாள். திரை கருப்பானது. மஞ்சள் எழுத்துகள் வந்தன. தடித்த அம்புக்குறி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. இயர்போன் மேசைக்கடியில், பழைய பெட்டியிலேயே செருகிக் கிடந்தது.

இருந்தது இருந்தபடியே வரும் என்று இர்வான் சொன்னது சத்தியமான வார்த்தை. குரலும் வந்திருந்தது. புதுத் திரையின் ஒலிபெருக்கி வழியாக அது ஆபிஸுக்கே கேட்கும்படி, தகரக் கூரையில் மழை கொட்டுகிற வேகத்தில், அவள் மின்னஞ்சல்களை வாசிக்கத் தொடங்கியது. சுபாஷினி தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். எல்லாத் தலைகளும் திரும்பின. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முகம்மது சுல்தான் வெளியே வந்தார்.

"என்னாது இது? வைரஸா?"

ஜெகதீஸ்வரியின் கை விசைப்பலகைக்குப் போனது. ஒரே ஒரு விசையை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும். அது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். ஆனால் விரல் அசைய மறுத்தது.

இர்வான் ஓடி வந்தான். அக்காவை முதலாளியிடமிருந்து காப்பாற்றுவதாகத்தான் அவன் நினைத்தான், பாவம். "சாரி பாஸ், எங்கயோ தப்பா ஏறிக்கிச்சு. தேவையில்லாத ப்ரோக்ராம் இது. இப்பவே அழிச்சிடுறேன்" என்று சொல்லிக்கொண்டே மௌஸைப் பிடித்தான்.

அழித்துவிட்டால் முதலாளிக்குப் பதில் கிடைத்துவிடும். எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்புவார்கள். ரகசியம் பத்திரமாக இருக்கும். மஞ்சள் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாளை ஓட்டுவது? அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது.

"கைய எடு" என்றாள். அவளுக்கே தெரியாத குரல் அது. "அழிக்காத தம்பி. அது என்னோட கண்ணு."

இர்வான் கையை எடுத்துக்கொண்டான். குரல் மட்டும் யாரையும் லட்சியம் செய்யாமல் வாசித்துக்கொண்டே போனது. அவள் விசையை அழுத்தி அதை நிறுத்தினாள். பிறகு முதலாளி நின்ற திசையில் திரும்பி, மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. அதையும் அவள் மறைக்கவில்லை.

"எனக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு பாஸ். நடுவுல கொஞ்சம்தான் தெரியுது. பல வருஷமா இது வாசிச்சுச் சொல்லித்தான் நான் பேப்பர் அடிக்கிறேன்."

முகம்மது சுல்தானின் முகத்தில் என்ன இருந்தது என்று அவளால் பார்க்க முடியவில்லை. ஃபெரிக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களின் சத்தம் கீழே ரோட்டிலிருந்து கேட்டது. அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு மாதம் என்பாள்.

"சத்தத்தக் கொறைங்கம்மா" என்றார் அவர் கடைசியில். "மத்தவங்களும் வேல பாக்கணும்ல." இரண்டடி போனவர் திரும்பி நின்றார். "அந்த ஹைஃபோங் துறைமுகத்துக்குப் போற சரக்கு. மத்தியானத்துக்குள்ள பேப்பர் வேணும். ஒங்களால முடியும்ல?"

"முடியும் பாஸ்."

கண்ணாடிக் கதவு மூடியது. முதலாளி அன்றைக்குக் கத்திய நாளிலிருந்து ஜெகதீஸ்வரி திரைக்கு ஒரு கை தூரம் தள்ளி, முதுகை நிமிர்த்தித்தான் உட்காருவாள்; சரியாகத் தெரிகிறவர்கள் அப்படித்தானே உட்காருகிறார்கள். அன்றைக்கு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மூக்கு திரையில் உரசும் அளவுக்குக் குனிந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஹைஃபோங் பத்திரத்தைத் திறந்தாள்.