சலவை அறையில் கற்ற ஆங்கிலம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்தேன். என்னோடு நின்றவள் நியூயோர்க்கில் பிறந்த யூதப் பெண். நோர்வேக்காரரைக் கட்டி இங்கே வந்தவள். இருவருக்கும் நோர்வேஜிய மொழி நாக்கில் தடக்கியதால் ஆங்கிலத்தில்தான் கதைத்துக்கொள்வோம்.

ஈர விரிப்பு மூட்டைகளை இழுக்கும்போதெல்லாம் அவள் "ஷ்லெப்" என்பாள். அலுத்துச் சலித்துப் பாரம் இழுப்பது. ஓயாமல் குறை சொல்லும் மேற்பார்வையாளர் ஒரு "க்வெச்". யாழ்ப்பாணத்தில் நான் படித்த ஆங்கிலத்தில் இவை இல்லை. அமெரிக்க ஆங்கிலமாக்கும் என்று நானும் சொல்லப் பழகிவிட்டேன். குறொன்லாண்ட் கடைத்தெருவில் அரிசி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நாலு மாடி ஏறும்போது 'ஷ்லெப்'பைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

மகள் அதைப் பள்ளிக்கூட ஆங்கிலக் கட்டுரையில் எழுதிவிட்டாள்.

"அம்மா, ரீச்சர் சிவப்பாலை கீறி விட்டிருக்கிறா. இது யிட்டிஷ் எண்ட பாஷையாம். யூத ஆக்கள் கதைக்கிறதாம். நீங்கள் ஏன் இங்கிலீஷ் எண்டு சொன்னனீங்கள்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் சலவை அறையில் அந்த நியூயோர்க்காரியிடமே கேட்டேன். முதலில் பலமாகச் சிரித்தாள். பிறகு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது இங்கிலீஷ் இல்லையெண்டு நானும் பள்ளிக்கூடத்திலைதான் அறிஞ்சனான். வீட்டிலை எல்லாரும் அப்பிடித்தான் கதைப்பம். அம்மாவின்ரை தாய் தேப்பன் முழுக்க யிட்டிஷிலை கதைச்ச ஆக்கள். அம்மாவுக்கு விளங்கும், கதைக்க வராது. எனக்கு ஒரு இருவது முப்பது சொல்லு. அதிலையும் பாதி அலுப்பும் சலிப்பும்தான்."

"உம்மடை மகனுக்கு?"

"நான் சொன்னால், 'என்ன?' எண்டு நோர்வேஜியனிலை கேப்பான்."

மெஷின் நின்றது. பிறகு அவள் கேட்டாள்: "உம்மடை மகளிட்டை எந்தச் சொல்லு மிஞ்சும்?"

யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டுப் பெயர்கள் சில. விரிப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

அன்று பின்னேரம் நான் சப்பாத்தைக் கழற்ற முன்பே, சோபாவில் கிடந்த மகள் சொன்னாள்: "அம்மா, நான் ஸ்லீத்தென்."

ஸ்லீத்தென் என்றால் நோர்வேஜிய மொழியில் களைத்துப்போனவள். 'களைச்சுப் போனன்' என்று திருத்தியிருக்க வேண்டும். அதற்கும் அலுப்பாக இருந்தது.

"நானும்தான்" என்றேன். அவள் கால்களை மடக்கி இடம் விட்டாள். பக்கத்தில் இருந்தேன்.