சிலுப்பாத கிடா

எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டுவதில் ஒரு முறை உண்டு. மாலை போட்டு நிறுத்திய ஆட்டின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, வெட்டலாம் என்று அர்த்தம். ஆடும் சம்மதித்துவிட்டது என்று என் மாமனார் சேர்த்துச் சொல்வார். ஈரம் பட்டால் எந்த ஆடுதான் உதறாது என்று கேட்டு, கல்யாணமாகி வந்த புதிதிலேயே வாயாடி என்று பேர் வாங்கியவள் நான்.

எழுபதுகளின் கடைசியில் என் மகளுக்கு டைபாய்டு வந்தது. அவள் பிழைத்து எழ வேண்டுமென்று நேர்ந்துவிட்ட குட்டியை, வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்தான் வளர்த்தேன். உடம்பெல்லாம் கறுப்பு, வால் நுனி மட்டும் வெள்ளை. அகத்திக்கீரையைக் கையில் வைத்துக் கொடுத்தால்தான் தின்னும். தரையில் போட்டால் என்னை ஒரு பார்வை பார்க்கும். எதற்காக வளர்க்கிறேன் என்று தெரிந்தேதான் வளர்த்தேன். மகள் எழுந்து நடமாடினாள்; சாமிக்குச் சொன்னதைச் செய்ய வேண்டாமா?

அழகர்கோவில் போகிற வழியில் ஒரு புளியந்தோப்புக்குள் இருக்கிறது எங்கள் சாமி. பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள். ஆடு சும்மா நின்றது. மறுபடி தெளித்தார்கள். செம்போடு கவிழ்த்தார்கள். காதுக்குள் ஊற்றப் போனவரை மாமனார் தடுத்தார். மேளக்காரர் அடித்து ஓய்ந்தார். வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அது என் முந்தானையை முகர்ந்துகொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"உத்தரவு இல்லப்பா. அவுத்து விடுங்க" என்றார் பூசாரி. பக்கத்து ஊரிலிருந்து வேறொரு கிடாவைப் பிடித்து வந்தார்கள். அது ஒரு கைத் தண்ணீருக்கே உதறியது.

என் ஆடு பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். ஆனால் சாமி தள்ளிய ஆட்டை வீட்டில் வைத்திருந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று பேச்சு கிளம்பியது. கறிக்கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவரின் அண்ணன்.

"வேணாம்னு நின்ன ஆட்ட எப்படி மச்சான் கடைக்குக் குடுக்குறது?" என்று கேட்டேன்.

"சாமிக்குத்தேன் வேணாம்னுச்சு. கடைக்கு வேணாம்னு சொல்லுச்சாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கணவர் என் மகளைக் கைகாட்டி, "இவளவிட ஆடு பெருசா?" என்று கேட்டதும் சரியென்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கறிக்கடை பாய் ஆட்டை ஓட்டிப் போக வந்தார். எங்கள் தெருவுக்கே வேண்டியவர். ஆட்டுத்தொட்டி வரை நானும் கூடவே நடந்தேன். ஊர்க் கடைகளுக்கெல்லாம் அங்கேதான் ஆடு அறுப்பார்கள். உயரமான சுவர், தகரக் கதவு.

"மத்த ஆட்டுக்கு முன்னாடி வச்சு அறுக்கக் கூடாது பாய். கத்தியக் காட்டக் கூடாது" என்றேன்.

"எங்க மார்க்கத்துலயும் அதுதேன் முறை தங்கச்சி. தண்ணி காட்டிட்டுத்தேன் ஓட்டியாந்தேன்." கதவைப் பார்த்தார். "ஆனா உள்ள எப்படின்னு எனக்கே தெரியாது. நான் கதவு வரைக்குந்தேன். உரிச்சு முத்திரை குத்தி வெளிய குடுப்பாக, வாங்கிட்டுப் போவேன்."

கதவு திறந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் காவலாளி குறுக்கே நின்று, "பொம்பளையாளுக்கு இங்க என்ன வேலை?" என்றார். பாயையும் அவர் உள்ளே விடவில்லை. கயிறு கை மாறியது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நிறைய ஆடுகள் கத்தின. எது என்னுடையது என்று சத்தத்தில் பிரிக்க முடியவில்லை.

தோப்பில், அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால், அதனிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். பொய்க் கேள்வியாகவே இருக்கட்டும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பதிலை மதித்து அவிழ்த்தும் விட்டார்கள். இங்கே என்ன நடந்தது என்று, அதைத் தின்னப்போகிற ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சுவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வெயில் ஏறியதும் கடைக்குப் போனேன். ஆட்டை எப்படி உரித்தாலும் வால் நுனியில் மட்டும் முடியை விட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளாடுதான், செம்மறி இல்லை என்று வாங்குகிறவர்கள் நம்ப வேண்டுமே. தொங்கியவற்றில் ஒன்றின் வால் நுனி வெள்ளையாக இருந்தது.

"தண்ணி தெளிச்சுக் கேட்டிருப்பாகளா பாய்?"

அவர் கத்தியை எடுத்தார். அந்த வாலை நறுக்கித் தாமரை இலையில் மடித்து என் கையில் கொடுத்தார். கறியை வெட்டுகிறவருக்கும் கண் கலங்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் பின்னால் நின்றவர் எக்கிப் பார்த்தார். "வாலக் காணோமே பாய்? வெள்ளாடுதானா, இல்ல செம்மறியா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பிரித்துக் காட்டினேன்.