முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு பொட்டலம்

கையில் எதை எடுத்தாலும் வஸ்ரியா முதலில் எடை பார்த்துவிடுவாள். ஜகார்த்தா மாரத்தானுக்கு எண் அட்டை கொடுத்த கூடத்தில், ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய உறையை அவள் திறக்கவில்லை. வலது உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் லேசாகத் தூக்கிப் போட்டாள். "அறுபது கிராம் தேறாது. இதுக்கா இம்புட்டுக் கூட்டம்?" என்றாள். பின்னால் நின்றவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது தகவல்.

வயது நாற்பத்தாறு. ஜாவாக் கடற்கரையில் உள்ள தெகால் ஊரில் மல்லிகைத் தேயிலை கட்டும் ஆலை ஒன்றில், இருபத்துமூன்று வருடமாகப் பொட்டல மேசையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கிறாள்தான். உட்காரப் பலகை வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று தடவையும் பலகை வரவில்லை. தராசு இருக்கிறது, ஆனால் அவளுக்குத் தேவைப்படாது. அள்ளுவாள், மடிப்பாள், அடுத்தது. மேற்பார்வையாளர் சந்தேகப்பட்டுத் தராசில் போட்டால் முள் சொன்ன இடத்தில் நிற்கும்.

எட்டு மணி நேரம் நின்றவள், வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றி சப்பாத்து மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓடுவாள். தலையில் முக்காடு, முழுக்கைச் சட்டை, இடுப்பில் இரண்டு பையுள்ள பட்டை. லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஏன் இந்த வேலை என்று கேட்டால் ஒரே பதில்: "நின்னு நின்னு செத்த காலு. ஓடுனாத்தான் உசுரு வருது."

அவளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தது சைக்கிள் கடை ரஸ்மாதி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழு என்றால் ஒன்பது பேரும் ஒரு விசிலும். இந்த முறை கிளம்புவதற்கு முன்னால் அவர் கொடுத்த கட்டளை சின்னது. "சனிக்கிழமை பூரா அரிசி மூட்டை மாதிரி கெட. கக்கூஸுக்கு மட்டும் எந்திரி. நடந்தேன்னு கேள்விப்பட்டேன், விசிலைக் கழட்டி வச்சிருவேன்." மாரத்தான் ஓடுகிற யாருக்கும் இது தெரிந்த விஷயம். முந்தின நாள் நடக்கிற ஒவ்வோர் அடியும் மறுநாள் இல்லாமல் போகிற அடி.

ஆனால் தெகால்காரி ஜகார்த்தாவில் அரிசி மூட்டையாகக் கிடக்க முடியாது. தெகாலில் வீட்டுக்கு ஒருவர் ஜகார்த்தாவில் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். ரயிலேறுகிறவர் கையில் ஊர் மொத்தமும் பொட்டலம் ஏற்றும். மறுப்பது என்று ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். செய்து பார்த்தவர் இல்லை. வஸ்ரியா இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தாள். வியாழக்கிழமை விஷயம் கசிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில் ஆறு பொட்டலம். உப்பு முட்டை, வறுத்த தாவு என்கிற சோயாக் கட்டி, ஒரு மூக்குக் கண்ணாடி, பிறப்புச் சான்றிதழ் நகல் என்று வகை வகையாக.

ஏழாவது பொட்டலம் விடிகாலையில் ரயிலடிக்கே வந்தது. கொண்டுவந்தவர் ரஸ்மாதி. அசையக் கூடாது என்று சொன்ன அதே ரஸ்மாதி.

"சின்னதுதான்" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. "சுலிஸுக்கு. கைலயே குடுத்துரு."

சுலிஸ் அவருடைய மகள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் முன்னால் ஜகார்த்தாவுக்குப் போனாள். அதன்பிறகு அப்பனும் மகளும் பேசவில்லை. வஸ்ரியா பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே என்னவென்று கண்டுகொண்டாள். நாற்பது கிராம் தேயிலை. மடிப்பைப் பார்த்தால் அவளுடைய மேசையில் கட்டியதே. அந்தத் தேயிலை ஜகார்த்தாவின் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

போன வருடக் கதையையும் சொல்லிவிட வேண்டும், மறைக்க ஒன்றுமில்லை. இதே மாரத்தானில் முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் அவள் நின்றுவிட்டாள். பின்தங்குகிறவர்களை அள்ளிப்போக ஒரு பஸ் வரும். அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஊரில் முட்டி வலி என்றாள். இன்றைக்கும் ஆலை வாசலில் பஸ் வந்து நின்றால் யாராவது ஒருத்தி, "வஸ்ரியா, ஒன் வண்டி வந்துருச்சு" என்பாள். வஸ்ரியாவும் சேர்ந்து சிரிப்பாள். உண்மையில் முட்டி வலிக்கவே இல்லை. எங்கேயும் வலிக்கவில்லை. முப்பத்திரண்டு முடிந்ததும், முப்பத்துமூன்றுக்குப் போக ஒரு காரணமும் அகப்படவில்லை, அவ்வளவுதான். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் யாருக்குப் புரியும்? இந்த வருடமும் அதே இடத்தில் காரணம் தீர்ந்துவிடுமோ என்பதுதான் ஆறு மாதமாக அவளை விடாத பயம். பேர் கொடுத்தது ஓடுவதற்கு என்பதைவிட, அது தீர்கிறதா என்று பார்த்துவிடுவதற்கு.

ஜகார்த்தாவின் மங்கராய்ப் பகுதியில் சோற்றுக்கடை வைத்திருக்கும் அவள் தம்பி தர்ஜோ, பைக்கோடு எண் அட்டை கொடுத்த கூடத்து வாசலில் காத்திருந்தான். பின் இருக்கையைத் தட்டினான்.

"ஏறு பஸ்காரம்மா."

"ஓட்டுடா. ரொம்பப் பேசுனா எறங்கி நடந்துருவேன், அப்புறம் ரஸ்மாதி அண்ணன்கிட்ட நீ பதில் சொல்லு."

பைக் இருந்து என்ன பயன். தெகால்காரர்கள் கடை போட்டிருக்கும் சந்துகளில் பைக் நுழைவதற்கு முன்னால் கோழி ஒதுங்க வேண்டும், துணிக்கொடி ஒதுங்க வேண்டும். பாதி வழிக்குமேல் நடைதான். முட்டை போய்ச் சேர்ந்தது. கண்ணாடி போய்ச் சேர்ந்தது. போன இடமெல்லாம் தட்டு நிறையச் சோறு வந்தது. டெபெட் பகுதியில் ஓர் அம்மாள் கதவை மறித்துக்கொண்டே நின்றாள்.

"சாப்டாம போனீன்னா எங்கம்மா என்னைய போன்ல கொன்னுரும்."

"நாளைக்கு நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடணும் தாயி. வயித்துல ஏதாச்சும் ஆச்சுன்னா ரோட்ல மானம் போயிரும்."

"ஓடப் போறவ வெறும் வயித்தோட ஓடுவியா? தெம்பே வறுவல் மட்டும் எடுத்துக்க. மொளகா இல்ல."

மிளகாய் இருந்தது. வஸ்ரியா இரண்டு துண்டு தின்றுவிட்டு, தட்டை ஏந்திப் பார்த்து, "முன்னூறு கிராம் சோறு வச்சிருக்க, நான் என்ன எருமையா?" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஆறு பொட்டலமும் கொடுத்து முடிந்தபோது மணி மூன்றரை. போனில் அடிகளின் கணக்கைப் பார்த்த தர்ஜோ உதட்டைப் பிதுக்கினான். பதினாலாயிரம். வஸ்ரியாவின் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகக் கிடந்தன. சுலிஸ் இருப்பதோ நகரத்தின் கிழக்குக் கோடியில், தையல் ஆலைகள் மண்டிக் கிடக்கும் சாக்குங்கில். சனிக்கிழமை நெரிசலில் போய்வர மூன்று மணி நேரம்.

"எங்கிட்ட குடு அக்கா. அடுத்த வாரம் நான் குடுத்துக்கறேன்."

"கைல குடுக்கச் சொன்னாரு."

"எங்கையும் கைதான்."

"ஒனக்கு நாப்பது கிராமுக்கும் அம்பது கிராமுக்கும் வித்தியாசம் தெரியுமா? பேசாம இரு."

தர்ஜோ கடையின் பின்பக்கம் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து சுலிஸுக்குப் போன் போட்டாள். நலம் விசாரிப்பு இரண்டு வாக்கியத்தில் முடிந்தது.

"ஒங்கப்பா ஒண்ணு குடுத்து விட்டுருக்காரு."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது. "எனக்கு எதுவும் வேணாம் அத்தே."

வஸ்ரியா கெஞ்சவில்லை. அப்பாவுக்கு வயதாகிறது, ரத்தம் இல்லையா என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. "நாளைக்கு லீவுதானே?" என்றாள்.

"லீவுதான்."

"அப்ப முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல வந்து நில்லு. குனிங்கான் மேம்பாலத்துக்குக் கீழ, தண்ணி மேசையத் தாண்டி. ஒம்பதே முக்காலுக்கு வருவேன். வேணாங்கறத எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, திருப்பிக் கொண்டுபோயிர்றேன்."

மிஷின் மறுபடி கொஞ்சம் ஓடி நின்றது. பிறகு சுலிஸ் கேட்டாள், குத்திக் காட்டுகிற தொனி இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டும். "போன வருசம் முப்பத்திரண்டுலயே பஸ் ஏறிட்டீங்கன்னு சொன்னாங்களே?"

இரண்டு வருடமாக அப்பனோடு பேசாதவளுக்கும் அந்தச் செய்தி போயிருக்கிறது.

"ஆமா ஏறுனேன். அதான் முப்பத்தஞ்சுன்னு சொல்றேன்."

"வெயில் ஏறிருமே."

"கொடை எடுத்துட்டு வா."

வருகிறேன் என்று சுலிஸ் சொல்லவில்லை. போனை வைத்தாள். அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தர்ஜோ கரண்டியோடு எட்டிப் பார்த்தான்.

"அவ வரலைன்னா?"

"அவ வர்றாளா இல்லையான்னு அங்க போய்ப் பாத்தாத்தானே தெரியும்" என்றாள் வஸ்ரியா. சொன்ன பிறகு, தான் சொன்னதை வாய்க்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

நாலரை மணிக்கு ஓட்டம் தொடங்கும்; இரண்டரைக்கு எழ வேண்டும். சூரியன் விழுந்ததும் தொழுகையை முடித்துவிட்டுக் கடைக்கு மேலே உள்ள பலகை அறையில் பாய் விரித்தாள். கீழே கடையில் கூட்டம், தட்டுச் சத்தம். மறுநாளைக்கு வேண்டியதைத் தரையில் ஆள் படுத்திருப்பதுபோல் அடுக்கினாள். முக்காடு, எண் குத்திய சட்டை, கால்சட்டை, சப்பாத்து. எண்ணின் நாலு மூலையிலும் ஊக்கை இழுத்துப் பார்த்தாள்.

பிறகு தேயிலை. முப்பத்தைந்து கிலோமீட்டர் வியர்வையில் காகிதம் கரைந்துவிடும். பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கேட்டு வாங்கி, பொட்டலத்தை உள்ளே வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இரண்டாக மடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டினாள். ஆலைக்கு மிஷின் வருவதற்கு முன்னால் அப்படித்தான் ஒட்டுவார்கள். இடுப்புப் பட்டையின் வலது பையில் இரண்டு ஜெல் இருந்தன, களைத்தால் உறிஞ்ச. இடது பையில் பொட்டலத்தை வைத்து மூடினாள். படுத்தாள்.

செய்தி வந்து போன் சிணுங்கியது. சுலிஸ்.

"அத்தே, ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்?"

வஸ்ரியா எழுந்து உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "எனக்கு வலது பக்கம்" என்று அடித்து அனுப்பினாள். பட்டையை மடியில் இழுத்துப் போட்டாள். வலது பையிலிருந்த ஜெல் இரண்டையும் எடுத்து இடது பைக்கு மாற்றினாள். தேயிலையை வலது உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, வலது பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.