ஸ்டூலையும் திருப்பிப் பார்த்தவர்

வீடியோ பார்த்து, பித்தளைக் கம்பியை உருக்கி வார்ப்பிரும்பை ஒட்டப் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் தையல் மெஷினின் உடைந்த காலை ஒட்டிய செய்தி எப்படியோ அம்மையார்குப்பம் வரை போய்விட்டது. அங்கே விசைத்தறி ஓட்டுகிற ஓர் அக்கா, உடைந்த தறி பிராக்கெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திருத்தணிக்கு பஸ் ஏறி வந்தார். ஒல்லி உடம்பு, புருவத்தில் பஞ்சுத் தூசி.

"புதுசு எங்கியும் கிடைக்கல. தறி நாலு நாளா நின்னுகினு இருக்குது, தம்பி."

நெய்த துணியைத் திருப்பித் திருப்பியே பழகிய கை. உட்காரப் போட்ட ஸ்டூலைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரத்தில் ஒட்டி நீட்டினேன். மேலே பித்தளை அழகாக மின்னியது. அவர் திருப்பினார். அடியில் விரிசல் அப்படியே இருந்தது. அவசரத்தில் மேல்பக்கத்தை மட்டும்தான் சூடாக்கியிருந்தேன்.

"முந்தானைய மட்டும் நெய்ஞ்சி புடவைன்னு குடுக்கிறியே."

"இன்னொரு தபா பண்றேங்க்கா."

"ஆங், பண்ணு. தறிதான் சும்மா நிக்குதே."

பழைய பித்தளையைச் சுரண்டிவிட்டு, துண்டு முழுவதையும் சிவக்கக் காய்ச்சி ஒட்டி, மறுபடி விரிசல் விடாமல் மெதுவாக ஆறட்டும் என்று சாம்பலில் புதைத்தேன். ஆறுவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. எடுத்ததும் நான்தான் பத்து தடவை திருப்பிப் பார்த்தேன். அவர் வாங்கி, திருப்பாமலே பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அம்மையார்குப்பம் வழியாகப் போகும்போதெல்லாம் தறிகள் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அதில் அவருடைய தறியும் ஓடுகிறதா என்று பிரித்துக் கேட்க எனக்குத் தெரியவில்லை.