கோப்பிக்கு வேண்டிக்கொண்ட மொட்டை

மலாக்காவுக்குப் பக்கத்து ஜாசின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடை வரிசையில் நாய் குளிப்பாட்டும் கடை வைத்திருப்பவள் தேவமலர். நாற்பத்தெட்டு வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள் நாய்க்குத் தலைவாரப் போய்விட்டாளே என்று ஆரம்பத்தில் சிரிக்காத வாய் கிடையாது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் கடை திறந்ததும் நாய்களுக்கு ஏர்கோன் போட்டு, தண்ணீர்க் கிண்ணங்களை நிரப்பிவிட்டுத்தான் தான் பசியாறுவாள்.

கடையில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம். நீளமுடி நாய்க்கு மொட்டை கிடையாது. தொழிலுக்கு வந்த முதல் வருடம், வெயில் தாங்காதே என்று இரக்கப்பட்டு ஒரு பொமரேனியனை முழுக்க வழித்துவிட்டாள். தோல் வெந்து சிவந்தது. முடி திட்டுத் திட்டாகத்தான் திரும்பி வந்தது. அந்த நாயின் சொந்தக்காரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

இந்த மே மாதம், வெயில் கொளுத்திய ஒரு செவ்வாய்க்கிழமை பரமேஸ்வரன் வந்தார். செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்ந்தவர். அறுபத்து மூன்று வயதிலும் அடர்ந்த தலைமுடி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மை அடித்து, சட்டைப்பையில் சீப்போடு திரியும் மனிதர். கூடவே கோப்பி, அவருடைய நீளமுடி கோல்டன் ரிட்ரீவர் நாய். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவருக்கு இருக்கும் ஒரே துணை.

"தங்கச்சி, கோப்பிக்கு மொட்ட போடணும். ஒரு முடி மிஞ்சக்கூடாது."

"முடியாதுண்ணே."

விஷயம் இதுதான். ஏப்ரலில் ஒரு நடுப்பகல், தார் ரோட்டில் நடக்கக் கூட்டிப்போனதில் கோப்பி சுருண்டு விழுந்துவிட்டது. இரண்டு நாள் கிளினிக்கில் கிடந்தது. பிழைத்தால் கோப்பிக்கு மொட்டை போடுகிறேன் தாயே என்று மனுஷன் மாரியம்மனிடம் அழுதிருக்கிறார். பிழைத்துவிட்டது.

"சாமி காரியம்லா, மலர். சொன்னத செய்யலன்னா ஆத்தா திருப்பி எடுத்துக்குவா. வெயிலுக்கும் நல்லதுதானே?"

"நல்லதில்லண்ணே. அந்த முடிதான் அதுக்குக் குடை. உள்ள உதிர்ந்து சிக்கிக் கெடக்குறத நான் வாரி எடுத்துட்டா காத்து போகும். குளிப்பாட்டி, ஈரம் இல்லாம காயவெச்சுத் தரேன். நீங்க காலையில ஏழு மணிக்கே நடக்கக் கூட்டிப்போங்க. ரோட்டுல பொறங்கைய வெச்சுப் பாருங்க, சுட்டா திரும்பிடுங்க."

"அப்ப என் வேண்டுதல்?"

தேவமலரும் மாரியம்மனுக்குப் பயந்தவள்தான். கோப்பியின் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"புள்ளைக்கு முடியலன்னா அப்பன் முடி எடுக்குறதில்லையா? கோப்பி உங்களுக்குப் புள்ளதானே?"

பரமேஸ்வரனின் கை தானாகத் தலைக்குப் போனது. "வேற கடையா இல்ல?" என்று முணுமுணுத்து, கோப்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு கடை இருக்கத்தான் செய்தது. மலாக்கா டவுனில், கேட்டால் கேட்டபடி மெஷினை ஓட்டிவிடுவார்கள். மூன்று நாளும் கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தேவமலர் எட்டிப் பார்த்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இன்னும் நயமாகச் சொல்லியிருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்தப் பொமரேனியனின் சிவந்த முதுகு கண்ணைவிட்டு அகலவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைக் கதவு திறந்தது. முதலில் கோப்பி, முழு முடியோடு, வாலை ஆட்டிக்கொண்டு. பின்னாலேயே பரமேஸ்வரன், பளபளவென்று மொட்டையும் சந்தனமுமாக. தேவமலருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"சிரிக்காதம்மா. கோயில்லேருந்து காடி நிறுத்தின எடம் வரைக்கும்தான் நடந்தேன், மண்ட கொதிச்சுப்போச்சு." கோப்பியின் முதுகைத் தடவினார். "இதப் போயா எடுக்கச் சொன்னேன், பாவி நான்."

அவள் கோப்பியை மேசைமேல் ஏற்றினாள். பரமேஸ்வரன் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார், தலைவரை கொண்டுபோனார், நிறுத்தினார். பிறகு குனிந்து கோப்பியின் காதோர முடியை மெல்ல வார ஆரம்பித்தார். அந்தச் சீப்பு உள்முடிக்கு எட்டவே எட்டாது. தேவமலர் தன் நீளப்பல் சீப்பை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய் நின்றாள்.